பதினேழு சென்ட் நிலமும் ஒரு கோச்சும்

(குளச்சலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு டென்னிஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "குளச்சலில் வந்து டென்னிஸா? கால்பந்து பற்றிப் பேசினால் கூட்டம் கூடுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கடற்கரை கால்பந்தின் கடற்கரை. ஒவ்வொரு ஊரிலும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் உண்டு. இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடியதை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் இன்னொரு பெருமை நமக்கு இருக்கிறது, அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் 1960-லும் 1961-லும் அடுத்தடுத்து அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன் 1937 ஏப்ரல் 11-ஆம் தேதி நாகர்கோவிலில் பிறந்தவர். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். அன்றைக்கு அது திருவிதாங்கூர். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். 1961-ல் கால் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை ஒரு செட்கூடக் கொடுக்காமல் வீழ்த்தினார். 1966-ல் நாடுகளுக்கு இடையே நடந்த டேவிஸ் கோப்பையில், கல்கத்தாவில், பிரேசிலின் தோமாஸ் காக்கிடம் ஏறக்குறையத் தோற்றுவிட்ட ஆட்டத்தை மீட்டு, இந்தியாவை முதல்முறையாகக் கோப்பைக்கான இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

கிருஷ்ணனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பற்றித்தான் பேச வேண்டும்: அவருடைய அப்பா டி.கே. ராமநாதன். அவரும் நல்ல ஆட்டக்காரர். மகனுக்கு மட்டையைக் கையில் கொடுத்துப் பழக்கியவர் அவரே. கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றது 1954-ல். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே பட்டத்தை வென்றது 1979-ல். நடுவில் 25 வருஷம். மகனுக்கும் பேரனுக்கும் அடிப்படை போட்டுக்கொடுத்த கை ஒன்றே. பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். இரண்டு பேருக்கும் சர்வீஸ் பெரிய ஆயுதம் கிடையாது. இரண்டு பேரும் பந்தை அடிப்பதைவிட அது போய் விழவேண்டிய இடத்தில் கொண்டு வைப்பார்கள். முரட்டு வேகத்தோடு வருகிற எதிராளியின் பலத்தை அவருக்கே எதிராகத் திருப்புவார்கள். ஒரு வாத்தியாரின் கையெழுத்து இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்களில் தெரிகிறது என்றால், அதைவிடப் பெரிய வாழ்க்கைச் சாதனை ஒரு பயிற்சியாளருக்கு இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். கிருஷ்ணனுக்கு அப்பா கோச். ரமேஷுக்குத் தாத்தாவும் அப்பாவும் கோச். கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓபனில் பிரதானச் சுற்றில் ஒரு ஆட்டம் வென்றார். நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அப்படி வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அவருக்கும் அப்பாதான் ஆரம்ப வாத்தியார். நம் நாட்டு டென்னிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள் கைமாறி வந்த விளையாட்டு. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் பிள்ளைக்கும் வரும்.

அப்படியென்றால் விசைப்படகில் ஏறிப் பல நாள் ஆழ்கடலில் தங்கி வருகிற அப்பாவின் பிள்ளைக்கு யார் கோச்? மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஷிப்ட் முடித்து வருகிறவரின் மகளுக்கு யார் கோச்? வளைகுடாவில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பிள்ளையின் முகம் பார்க்கிற அப்பாவின் மகனுக்கு? இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்லூரி டென்னிஸ் கோச் என்ற உத்தியோகம்தான் அந்தப் பதில். இன்றைக்கு என் பேச்சு அந்த உத்தியோகத்தைப் பற்றியது.

நம் கல்லூரிகளில் டென்னிஸ் இல்லாமல் இல்லை. 1951-ல் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. சென்னை லயோலா கல்லூரியில் பெர்ட்ராம் நினைவுப் போட்டி. கல்லூரி மாணவர்கள் மட்டுமே ஆடலாம். கிருஷ்ணன் அப்போது பள்ளிக்கூடப் பையன். கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்தார். பையன் ஆடினான், ஜெயித்தான். பிற்பாடு அதே லயோலாவில் படித்தார். விதியைத் தளர்த்திக் கதவைத் திறந்துவிட்ட அந்த முதல்வர் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு கல்லூரி ஒரு ஆட்டக்காரனுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அது சின்னதாக ஒரு அடையாளம்.

உடற்கல்வி என்ற படிப்பே நம் சென்னையில்தான் ஆசியாவிலேயே முதலில் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கிறதே, அந்தக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியை அழைத்துக்கொண்டு போனவரும் அவர்தான். 1943-ல் சென்னையிலேயே காலமானார். நம் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்', 'பி.டி. மாஸ்டர்' என்று நாம் கூப்பிட்ட மனிதர்களின் வம்சாவளி அவரிடமிருந்து கிளைத்தது. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரபு நமக்குக் கொடுத்தது 'எல்லா விளையாட்டுக்கும் ஒரே ஆள்' என்ற பதவியை. உடற்கல்வி இயக்குநர் என்று போர்டு இருக்கும். கபடிக்கும் அவர்தான், கைப்பந்துக்கும் அவர்தான், விளையாட்டு விழா அணிவகுப்புக்கும் அவர்தான், ஸ்போர்ட்ஸ் கோட்டா அட்மிஷன் காகிதத்துக்கும் அவர்தான். டென்னிஸ் அணி என்பது பல்கலைக்கழகப் போட்டி அறிவிப்பு வந்ததும், மட்டை வைத்திருக்கிற நான்கு பேரைச் சேர்த்து அனுப்புவது. போட்டியும் சில நாளில் முடிந்துவிடும். அந்த மனிதர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை பதவியின் அமைப்பில் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதை வேறு மாதிரி அமைத்தார்கள். டிக் கோல்ட் என்று ஒருவர். முதலில் சாதாரண சமுதாயக் கல்லூரி ஒன்றில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். 1966-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆண்கள் அணிக்குக் கோச்சாக வந்தார். முதல் தேசியக் கல்லூரிப் பட்டம் எப்போது கிடைத்தது தெரியுமா? 1973-ல். ஏழு வருஷம். நம் ஊர் நிர்வாகம் ஏதாவது ஒரு கோச்சுக்கு ஏழு வருஷம் கொடுக்குமா? அவர்கள் கொடுத்தார்கள். 2004-ல் அவர் ஓய்வு பெறும்போது 17 தேசியப் பட்டங்கள். ஜான் மெக்கன்ரோ 1978-ல் அவருக்குக் கீழே ஆடிக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். இரட்டையரில் உலகத்தையே ஆண்ட பிரையன் சகோதரர்கள் அவருடைய அணியில் ஆடினவர்கள். 38 வருஷம் ஒரே மைதானம், ஒரே வேலை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பந்தை அடிக்கக் கற்றுக்கொடுப்பது அதில் ஒரு பகுதிதான். ஜனவரியிலிருந்து மே வரை அணி மாற்றி அணி ஆட்டங்கள். ஒரு ஆட்டத்தில் மூன்று இரட்டையர், ஆறு ஒற்றையர். மூன்று இரட்டையரில் இரண்டை வென்ற அணிக்கு ஒரே ஒரு புள்ளி. ஒற்றையர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஏழில் நான்கு எடுத்தால் ஜெயம். ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். சாதாரண டென்னிஸில் ஆட்டக்காரர் தனி ஆள். இங்கே ஆறாவது கோர்ட்டில் ஆடுகிற பையனின் ஒரு புள்ளிதான் மொத்த அணியின் தலைவிதி என்று ஆகிவிடும். அந்தப் பையனை அந்த நேரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டியது கோச்சின் வேலை. ஆட்டத்தின் நடுவே கோர்ட்டுக்குள் போய்ப் பேசவும் கல்லூரி விதி அனுமதிக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் என்று உச்சவரம்பு உண்டு, மீதி நேரம் படிப்புக்கு. ஆண்கள் அணிக்கு நாலரை ஸ்காலர்ஷிப்தான் என்று நீண்ட காலம் விதி இருந்தது. அதைப் பங்கு பிரித்து எட்டு, பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதும், ஒரு பையன் பரீட்சையில் தடுமாறினால் அவனை உட்கார வைத்துப் பேசுவதும், அவன் வீட்டுக்குப் போன் போடுவதும் கோச் வேலைதான். நாலு வருஷம் பக்குவப்படுத்திவிட்டு அனுப்பிவிட வேண்டும். அடுத்த வருஷம் புதுப் பையன்கள். திரும்ப முதலிலிருந்து.

இதில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பிரையன் போலண்ட் என்ற கோச்சிடம் சேர்ந்தார். 2006-ல் கல்லூரி ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் தோற்றார். 2007-ல் மறுபடி இறுதிக்கு வந்து ஜான் இஸ்னரை வென்றார். இஸ்னர் யாரென்றால், 2010 விம்பிள்டனில் மூன்று நாள் இழுத்து 11 மணி நேரத்துக்கு மேல் ஆடினாரே, அவர்தான். 2008-ல் சோம்தேவ் 44 வெற்றி, ஒரே தோல்வி, மறுபடியும் பட்டம், கூடவே சமூகவியல் டிகிரி. 2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம். இரட்டையர் தங்கமும் வென்றார். அவரோடு ஜோடி சேர்ந்த சனம் சிங்கும் அதே வர்ஜீனியாவில் அதே போலண்டிடம் ஆடியவர். இந்தியாவுக்கு வந்த தங்கத்தில் ஒரு கல்லூரி கோச்சின் உழைப்பு இரண்டு மடங்கு இருக்கிறது.

அதோடு முடியவில்லை. போலண்டுக்கு உதவிப் பயிற்சியாளராக வர்ஜீனியாவில் இருந்தவர் டோனி பிரெஸ்கி. அவர் பின்னால் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச்சானார். 2025-ல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது அதில் ஆடியவர்களில் ஒருவர் மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ். அந்த வருஷம் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பை. தட்சிணேஸ்வர் முதல் ஆட்டத்திலேயே ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வென்றார். இந்தியா அந்தத் தொடரை வென்றது. ஐரோப்பிய அணியை அதன் மண்ணில் நாம் வென்றது அதற்கு முன் 1993-ல், பிரான்சில். அப்போது ஆடியவர்கள் ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயஸும். நாகர்கோவிலில் பிறந்தவரின் மகனிடமிருந்து மதுரைப் பையன் வரைக்கும் வந்து சேர 32 வருஷம் ஆயிற்று. அவ்வளவு இடைவெளி ஏன் வந்தது என்று கேட்டால், என் பதில் இதுதான்: வீட்டில் கோச் இருக்கிற குடும்பங்கள் கொஞ்சம். கல்லூரியில் கோச் இருந்தால் அந்த இடைவெளி குறையும். இப்போது அந்தக் கோச்சைத் தேடி நம் பிள்ளைகள் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது.

நாம் கோச்சுகளை எப்படி மதித்தோம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோச்சுகளுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல் தொடங்கியது. டென்னிஸுக்கு முதல் துரோணாச்சாரியார் 2020-ல்தான் வந்தார். டேவிஸ் கோப்பை அணித்தலைவராக இருந்து, பதினாறு வயது லியாண்டரை அணியில் எடுத்த நரேஷ்குமார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கிளப்புகளில் பந்து பொறுக்கும் பையனாகச் சேர்ந்து, 'மார்க்கர்' ஆகி, மெம்பர்களுக்கு எதிரே நின்று ஆடி ஆடியே ஆட்டத்தின் நெளிவு சுளிவு எல்லாம் கற்று, எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்கள் இந்த நாட்டில் ஏராளம். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அவர்களுக்கு ஒரு டிகிரி, ஒரு நிரந்தர வேலை, ஒரு பென்ஷன் கிடைத்திருந்தால் நம் ஆட்டம் எங்கேயோ போயிருக்கும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

கோச் என்றால் என்ன செய்வார் என்பதை இந்த மாவட்டத்திலேயே ஒரு மாலையில் பக்கத்திலிருந்து பார்த்தேன். கல்லூரி மைதானத்தின் ஓரம், சிமெண்ட் தரையில் சுண்ணாம்பு போட்ட கோர்ட். ஒரு மாணவி சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். பந்து வலையில் விழுந்துகொண்டே இருந்தது. கோச் சார் அவளிடமிருந்து மட்டையை வாங்கிக்கொண்டார். அதைத் தரையில், அவளுடைய முன்காலின் பெருவிரலுக்கு நேராக, தலைப்பகுதி வலையைப் பார்க்கிற மாதிரி வைத்தார். "மக்களே, அடிக்காண்டாம். பந்த மட்டும் தூக்கிப் போடு. கீழ வரும்போ மட்டைக்க மேல விழணும், கேட்டியா" என்றார். அவள் தூக்கிப் போட்டாள். பந்து தலைக்குப் பின்னால் போய் விழுந்தது. "எறியாத. தூக்கி வை. அலமாரில பாத்திரம் வைக்கியது மாதிரி" என்றார். மணிக்கட்டை மடக்காமல், விரல் நுனியில் பந்தைப் பிடித்து, கை கண்ணுக்கு நேராக வந்ததும் விடச் சொன்னார். அரை மணி நேரம் அவள் ஒரு சர்வீஸ்கூட அடிக்கவில்லை. பந்தைத் தூக்குவது, விழுவதைப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி தூக்குவது. கடைசியில் பந்து மட்டையின் நரம்பில் 'டப்' என்று அடுத்தடுத்து விழ ஆரம்பித்தது. அப்புறம்தான் மட்டையைக் கையில் கொடுத்தார். ஆடிக்காற்று கடலிலிருந்து அடிக்கும்போது இன்னும் தாழ்வாகத் தூக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது, இந்தக் கரையில் நின்று ஆடினவருக்குத்தான் தெரியும். சேர்ந்த முதல் வருஷம் 'டாஸ்' என்கிற இந்தப் பந்து தூக்கல், இரண்டாம் வருஷம் கால் அசைவு, மூன்றாம் வருஷம் ஆட்டத்தை வாசிக்கக் கற்பது. டிகிரி முடிகிற நேரத்தில் ஒரு ஆட்டக்காரி உருவாகிறாள். நடுவில் கோச் மாறிப்போனால் எல்லாம் போயிற்று.

குளச்சல்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். 1741-ல் இங்கே நடந்த போரைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மாவின் படை தோற்கடித்தது. அந்தப் போரில் சரணடைந்த டி லனாய் என்ற அதிகாரியை மகாராஜா என்ன செய்தார்? தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். துப்பாக்கிப் பயிற்சியும் அணிவகுப்பும் அந்நியனிடமிருந்து நம் ஆட்கள் கற்றார்கள். அவர் 1777-ல் இறக்கும்வரை, 36 வருஷம், இந்த மண்ணிலேயே இருந்தார். வலிய கப்பித்தான் என்று மக்கள் அழைத்தார்கள். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது, அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற ஆளைக் கண்டால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், நீண்ட காலம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

செலவு பற்றிக் கேட்பீர்கள். ஒரு டென்னிஸ் கோர்ட், சுற்றி ஓடுகிற இடத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 36.5 மீட்டர் நீளம், 18.3 மீட்டர் அகலம். நம் கணக்கில் பதினேழு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். முழு அளவுக் கால்பந்து மைதானத்துக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் வேண்டும். அதைப் பல ஊர்களில் மக்களே உண்டாக்கியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் இரும்புத் தூண் துருப்பிடிக்கும், ஆகவே தூணைத் துருப்பிடிக்காததாகப் போட வேண்டும், வலையைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். பந்து சீக்கிரம் காற்றிழக்கும், அதற்கு வருஷாவருஷம் பணம் ஒதுக்க வேண்டும். மட்டையை ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இரவலாகக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் முடியக்கூடிய காரியங்கள். நிலம் கொடுக்க மனம் உள்ளவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

கோச்சின் சம்பளம்தான் பெரிய விஷயம். கோர்ட் போட்டுவிட்டுக் கோச் இல்லாமல் விட்டால் அது கருவாடு காயப்போடும் களமாகத்தான் ஆகும். அதனால் நிர்வாகங்களிடம் நான் கேட்பது இது: இந்தப் பகுதிக் கல்லூரிகள் தனித்தனியாகச் செய்ய முடியாவிட்டால் மூன்று நான்கு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கோச்சை நியமியுங்கள். தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டென்னிஸ் பயிற்சிக்கான டிப்ளமோ படித்த ஒருவரை. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேண்டாம். குறைந்தது பத்து வருஷம் என்று எழுதிக் கொடுங்கள். முதல் மூன்று வருஷம் கோப்பை எங்கே என்று கேட்காதீர்கள். மாலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கட்டும், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் ஒதுக்கட்டும்.

இந்தக் கோரிக்கையைக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் அனுப்ப ஒரு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது, அதற்குள் போய்ச் சேர வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்திருப்பேன். படித்துப் பார்த்துவிட்டு, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். மாணவர்கள் முதலில் வாருங்கள்.